நான்கு நிமிடம் இருபது வினாடி

இந்த நாற்காலிக்கு யாரும் வரப்போகிறார்களா அம்மா? இல்லையென்றால் உட்கார்ந்துகொள்கிறேன். கோவில்பட்டியிலிருந்து நின்றுகொண்டே வந்தேன். சாத்தூர் வரைக்கும் இடம் கிடைத்தது, அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. சாத்தூரில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். எழுந்துவிட்டேன். எழுபத்தாறு வயதுக்காரன் எழுகிறானே என்று பக்கத்தில் இருந்த இளவட்டம் அசைந்தானா? செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே இடம் இருக்கிறது, தெரியும். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்னால் நாலு வரிசை காலி. ஆனால் போட்டி நடக்கும்போது நடுவில் கதவைத் திறக்கக் கூடாது. பேசுகிற பிள்ளையின் கவனம் சிதறும். அது முறை. இங்கே வராந்தாவிலும் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இது போதும்.

உங்கள் பையன் பேசினானா? அரையிறுதியோடு சரியா. அதனால் என்ன. சான்றிதழ் வாங்கக் காத்திருக்கிறீர்கள், அப்படித்தானே. ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போனதும் ஏன் தோற்றாய் என்று கேட்டுவிடாதீர்கள். சோற்றைப் போடுங்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. அது இருக்கட்டும்.

இறுதிச் சுற்றில் பேசுகிறாளே ஆதிரை என்று ஒரு பெண், அவள் என் பேத்தி. மகள் வயிற்றுப் பேத்தி. முன்வரிசையில் நீலப் புடவை கட்டி, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளே, அதுதான் என் மகள். மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி. இங்கே மதுரையில் வங்கியில் வேலை. நான் வந்திருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. நேற்று அரசி ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள், 'நாளை இறுதிப் போட்டி' என்று. எனக்காக வைக்கவில்லை, ஊருக்கே வைத்தது. நானும் ஊரில் ஒருத்தன்தானே. காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேத்தி பேச்சைக் கேட்கத்தான். அதோடு அரசியிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு வாக்கியத்தின் மீதி. பாதியில் நின்றுபோன வாக்கியம். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

அட, என்ன அம்மா இது? இப்போதுதானே அந்தப் பையன் பேச ஆரம்பித்தான், அதற்குள் மணி அடிக்கிறார்கள்! ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இல்லை, ஆகியிருக்கிறது, சரியாக ஒரு நிமிஷம். அதற்காக ஒரு நிமிஷத்தில் உட்காரச் சொல்வதா?

ஓ. அப்படியா.

இருங்கள், திரும்பச் சொல்லுங்கள். முதல் ஒரு நிமிஷம் எதிர் அணி வாயைத் திறக்கக் கூடாது. மணி அடித்த பிறகு கையை நீட்டி எழுந்து கேள்வி கேட்கலாம். ஏழாவது நிமிஷம் மறுபடி ஒரு மணி. அதற்கப்புறம் கடைசி ஒரு நிமிஷம் யாரும் எழக் கூடாது, பேசுகிறவனை விட்டுவிட வேண்டும். எட்டில் இரண்டு மணி. நாடாளுமன்றம் மாதிரி. ஒரு பக்கம் அரசு, ஒரு பக்கம் எதிர்க்கட்சி.

அப்படியானால் ஏழாவது நிமிஷத்து மணி பேசுகிற பிள்ளைக்குக் காவலா? மணி அடித்தால் இனி இவளைத் தொடாதே என்று அர்த்தமா?

எங்கள் காலத்தில் மணி என்றால் ஒரே அர்த்தம்தான் அம்மா.

நான் யார் என்று சொல்லவில்லையே. பிச்சையா. கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அமிலக் குடுவை கழுவுவது, தவளையைப் பலகையில் அறைவது, பிள்ளைகள் உடைத்ததை நோட்டில் எழுதுவது, இதுதான் வேலை. இயற்பியல் லேபில் தனி ஊசல் பரிசோதனைக்கு ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. ஊசல் இருபது தடவை ஆட எத்தனை வினாடி என்று பார்க்க. மாவட்டத்துப் பேச்சுப் போட்டி எங்கள் பள்ளியில் முதல் தடவை நடந்தபோது நேரம் பார்க்கக் கடிகாரம் கேட்டார்கள். கடிகாரத்தை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, நானே எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு மேடைக்குக் கீழே ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். இருபத்தாறு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தேன்.

நான் பேசுவது கொஞ்சம் மேடைத் தமிழாக இருக்கிறது என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். இருபத்தாறு வருஷம் கேட்டால் ஒட்டாதா? தமிழை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, நிமிஷ நிமிஷமாகப் படித்தேன்.

எல்லா வகைக்கும் மணி அடித்திருக்கிறேன். பட்டிமன்றத்தில் மணிக்கு மரியாதை கிடையாது. ஒருத்தர் இருந்தார், நான் மணி அடித்ததும் "நடுவர் அவர்களே, நான் உண்மை பேசுகிறேன் என்பதற்கு மணியோசையே சாட்சி" என்று சொல்லிவிட்டு இன்னும் ஆறு நிமிஷம் பேசினார். சனம் கை தட்டுகிறது. சுழலும் சொல்லரங்கத்தில் ஆள் மாறி மாறி வருவார்கள், எனக்குத்தான் தலை சுற்றும். வழக்காடு மன்றம் என்று ஒன்று. குற்றம் சாட்ட ஒருவர், மறுக்க ஒருவர், தீர்ப்புச் சொல்ல ஒருவர். குற்றவாளி மட்டும் மேடையில் இருக்கமாட்டான். அது எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு விவாதப் போட்டி. ஒரே தலைப்பு, ஒரு அணி ஒட்டிப் பேசும், ஒரு அணி வெட்டிப் பேசும். ஆளுக்கு ஐந்து நிமிஷம். நாலாவது நிமிஷம் ஒரு மணி, எச்சரிக்கை. ஐந்தில் இரண்டு மணி, நிறுத்திவிட வேண்டும். முக்கியமான விஷயம், பெயரைக் கூப்பிட்டதும் கடிகாரத்தை அழுத்தக் கூடாது. பிள்ளை மேடை ஏற வேண்டும், மைக்கை இறக்க வேண்டும், எச்சில் விழுங்க வேண்டும். வாயைத் திறந்து முதல் சொல் வந்த பிறகுதான் அழுத்த வேண்டும். புதிதாக உட்காருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். நான் செய்ததே இல்லை. ஒரு வினாடி கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

ஒரு தடவை தவிர. அதுவும் கடிகாரக் கோளாறு. எழுதியே கொடுத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரி பெயர் சண்முகவடிவு. பொறுமைசாலி. அப்படி ஒரு பொறுமையை நீங்கள் பார்த்திருக்க முடியாது. தனக்கு இன்னது வேண்டும் என்று வாய் திறந்ததில்லை. தொண்ணூற்றைந்து தை மாதம் வயிற்றில் வலி என்றாள். தை, மாசி எங்களுக்குப் போட்டிக் காலம். சனிக்கிழமை தோறும் ஒரு ஊர். தூத்துக்குடி, எட்டயபுரம், சாத்தான்குளம். நேரம் பார்க்கப் பிச்சையாதான் வரணும் என்று தலைமையாசிரியர்கள் கடிதம் போடுவார்கள். ஒரு லேப் அட்டெண்டருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம், நீங்களே சொல்லுங்கள்.

அவள் சொல்லவே இல்லை அம்மா. சொல்லியிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஒரு தடவை சொன்னாள், "இந்தாங்க, வலி முதுகுக்குப் போகுது" என்று. "இந்தச் சனிக்கிழமை முடியட்டும்" என்றேன். அப்புறம் ஒரு தடவை. அப்புறம் எட்டயபுரம் போட்டிக்கு முந்தின நாள். மூன்று தடவை இருக்கும். ஆனால் அவள் சொல்கிற விதம் இருக்கிறதே, தண்ணீர் லாரி வரவில்லை என்று சொல்வதுபோல இருக்கும். அதில் எப்படித் தெரியும்? பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் நாலே நாள். டாக்டர் என்னைத்தான் திட்டினார், ஏதோ நான் மறைத்துவைத்த மாதிரி.

அப்போது அரசிக்குப் பதினாறு வயசு. அழவில்லை. மறுநாளே அடுப்பைப் பற்றவைத்தாள். அம்மாவைப் போலவே பொறுமை என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என்ன பேசுவது? நான் இயல்பிலேயே பேச்சுக் குறைவு. இப்போது உங்களிடம் பேசுவதைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். அந்த வருஷம் அவள் பள்ளி விவாத அணியில் சேர்ந்தாள். பெண்கள் பள்ளி, எங்கள் பள்ளி இல்லை. ஞானசௌந்தரி டீச்சர் என்று ஒரு தமிழ் டீச்சர் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம்தான் வீட்டில் சத்தம் வந்தது. அரசி அடுப்படியில் நின்று பேசுவாள். நான் முன்னறையில் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் மணி இல்லை, நாலாவது நிமிஷம் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு, ஐந்தில் இரண்டு தட்டு. அவள் முடித்ததும் "ஆறு வினாடி கூட" என்பேன். மறுநாள் "ரெண்டு வினாடி கூட." தை பிறப்பதற்குள் அவளுக்கு டம்ளரே தேவைப்படவில்லை. ஐந்து நிமிஷம் எங்கே முடியும் என்று உடம்பிலேயே தெரியும். தட்டுவதற்கும் அவள் நிறுத்துவதற்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. அதுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

மாவட்ட இறுதிக்குத் தலைப்பு முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். 'குடும்பத்தின் அமைதியைக் காப்பது பொறுமையே.' இரண்டு பக்கமும் தயார் பண்ண வேண்டும், எது விழும் என்று தெரியாது. அரசி ஒட்டிப் பேசுவதைத்தான் சத்தமாகப் பழகினாள். அதில் அவள் அம்மாவை உதாரணமாகச் சொல்வாள். பெயர் சொல்லமாட்டாள், 'எனக்குத் தெரிந்த ஒரு தாய்' என்பாள். வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டைத் தாங்கிய தாய். அந்த இடம் வரும்போது நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிடுவேன். அப்படி இருக்கும். வெட்டிப் பேசுவதை எப்போது பழகினாள் என்று தெரியாது. பின்வாசல் பக்கம் ஏதோ முணுமுணுப்பாகக் கேட்கும். அந்த நேரம் நான் ரேடியோவில் செய்தி கேட்பேன்.

தொண்ணூற்றாறு, தை மாதம் கடைசி வாரம். எங்கள் பள்ளிக்கூடத்து அரங்கம். மகள் பேசுகிற போட்டிக்கு அப்பா மணி அடிக்கலாமா என்று ஞானசௌந்தரி டீச்சர் கேட்டாராம். நடுவர்கள் சிரித்தார்களாம். "பிச்சையா கையில மணி இருந்தா சொந்தமாவது பந்தமாவது" என்றாராம் ஒருவர். எனக்கு அதைக் கேட்டு உள்ளூரச் சந்தோஷம்.

சீட்டு 'வெட்டி' என்று விழுந்துவிட்டது. அங்கேதான் எல்லாம் கெட்டது. ஒட்டி என்று விழுந்திருந்தால் அவள் அம்மாவைப் புகழ்ந்து பேசியிருப்பாள், கோப்பை வாங்கியிருப்பாள், இன்றைக்கு நான் உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு துண்டுச் சீட்டு.

அரசி கடைசிப் பேச்சாளர். தொகுப்புரை அவளுடையது. அணியின் வாதம் முழுவதையும் கடைசி ஒரு நிமிஷத்தில் கட்டி முடிக்க வேண்டும், அதற்கென்று தனியாகப் பத்து மதிப்பெண். வந்து நின்றாள். இரட்டைப் பின்னல். மைக்கை இறக்கினாள். வாயைத் திறந்தாள், அழுத்தினேன்.

நாலு நிமிஷம் எதிரணி வாதங்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். நாலாவது நிமிஷ மணியை அடித்தேன். அப்போது குரலை இறக்கினாள். "எனக்குத் தெரிந்த ஒரு தாய்" என்றாள். வீட்டில் கேட்ட அதே உதாரணம் அம்மா. அதே வலி, அதே பெருங்காயம். விவாதத்தில் அது ஒரு வித்தை, கையில் இருக்கும் உதாரணத்தைத் தூக்கிப்போடாமல் அப்படியே திருப்பிப் பிடிப்பது. "அந்தத் தாய் பொறுமையாக இருக்கவில்லை, நடுவர் அவர்களே. சொன்னார். மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமைக்கு முன்னாலும் சொன்னார். நான்காவது முறை அவர் சொல்லவில்லை. ஏனென்றால்..."

இரண்டு மணி அடித்துவிட்டது.

அடித்தேன்.

நான்கு நிமிடம் இருபது வினாடி. நாற்பது வினாடி பாக்கி இருந்தது.

அரசி நடுவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். உடம்பிலேயே தெரியும் என்றேனே. அரங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்கும் எனக்கும் மட்டும். ஒரு வினாடி பார்த்தாள். அப்புறம் "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஞானசௌந்தரி டீச்சர் எழுந்து நேரம் குறைகிறது என்றார். நடுவர் என்னைக் கேட்டார், "பிச்சையா, சரியா?" "சரிதான் சார்" என்றேன். நடுவர் அரசியைக் கேட்டார். அவள், "நேரம் பாக்குறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

தொகுப்புரை இல்லை, பத்து மதிப்பெண் இல்லை. தோற்றார்கள்.

அந்த டீச்சர் விடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்தார். தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தேன், 'நிறுத்துக் கடிகாரத்தின் சுருள்வில் தளர்ந்திருந்தமையால் நேரப்பிழை ஏற்பட்டது' என்று. யார் உதவியும் இல்லாமல் நானே எழுதியது. டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "பிச்சையா, கடிகாரத்துக்கு வாய் இல்லை, அதனால நீங்க என்ன வேணாலும் சொல்லலாம்" என்றார். எப்படி அம்மா இருக்கும்? இருபத்தாறு வருஷம் உழைத்தவனை. அத்தோடு நேரம் பார்க்க என்னைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. அந்த அம்மா கிளப்பியதுதான் எல்லாம். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் வந்தது அந்த அம்மாதான்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சீட்டு என்று சொன்னேன். சீட்டு இல்லை. அந்த வருஷம் முறையை மாற்றியிருந்தார்கள். நாணயம் சுண்டுவது, ஜெயித்த அணி எந்தப் பக்கம் வேண்டுமோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சுண்டியது நான்தான். தலை என்று கேட்டாள், தலை விழுந்தது. எல்லோரும் ஒட்டித்தான் கேட்பார்கள், பேசச் சுலபம், சனம் கை தட்டும். நான்கூட நோட்டில் 'ஒட்டி' என்று எழுதப் போய்விட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "வெட்டி, சார்" என்றாள். போட்டி இடத்தில் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். அவள் உலை வைத்தாள். நான் முன்னறையில் இருந்தேன். அடுப்படியில் சத்தமே இல்லை. அவள் முடிக்காமல் விட்டதைக் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். ஏனென்றால், என்ன? ஏனென்றால் என்று சொன்னாயே, அதற்கப்புறம் என்ன? அதைக் கேட்பதற்குப் பதிலாக, "ஊறுகா இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் அவள் மேடை ஏறவில்லை. மதுரையில் விடுதியில் சேர்ந்து படித்தாள், பரீட்சை எழுதி வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? வைக்கட்டுமா?" பேசி முடித்ததும் போனில் நேரம் காட்டும் பாருங்கள், முப்பத்தெட்டு வினாடி, நாற்பது வினாடி, அவ்வளவுதான் இருக்கும். இந்தக் காலத்தில் வாரா வாரம் எந்தப் பிள்ளை போன் பண்ணுகிறது? எனக்குக் குறையே இல்லை.

அந்த வாக்கியம்தான். எத்தனையோ விதமாக நானே முடித்துப் பார்த்துவிட்டேன். ஏனென்றால் கேட்க ஆள் இல்லை. ஏனென்றால் அவருக்குப் பழகிவிட்டது. நல்லவிதமாகக்கூட முடித்துப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அவர் கணவரை நோகடிக்க விரும்பவில்லை. நாற்பது வினாடியில் அவள் எப்படி வேண்டுமானாலும் திருப்பியிருக்கலாம் இல்லையா? கடைசியில் அப்பாவை மன்னித்துக்கூட முடித்திருக்கலாம். விவாதத்தில் அப்படியும் உண்டு. எனக்குத் தெரியாது. நான்தானே விடவில்லை.

கொஞ்சம் இருங்கள். பெயர் கூப்பிடுகிறார்கள். ஆதிரை! தொகுப்புரையா? எத்தனை நிமிஷம்? நாலா. மூன்றில் ஒரு மணி, நாலில் இரண்டு. தொகுப்புரையில் யாரும் குறுக்கே எழவே கூடாதா, முழுக்க? நல்ல முறை. யார் கண்டுபிடித்ததோ, நன்றாக இருக்கட்டும்.

இதுவா? இது அந்த ஸ்டாப் வாட்ச்தான். பழுது என்று நான் எழுதிக் கொடுத்ததால் கழிவில் போட்டார்கள். உடைந்த குடுவைகளோடு மூலையில் கிடந்தது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பின்பக்கம் பாருங்கள், 'இயற். 7' என்று வெள்ளைப் பெயிண்டில் லேப் எண், நான் எழுதியது. தினமும் சாவி கொடுப்பேன். இருபத்தெட்டு வருஷமாக ரேடியோ நேரத்தோடு ஒத்துப் பார்க்கிறேன், ஒரு வினாடி பிசகாது. அதன்மேல் போய்ப் பழி போட்டேன், பாவம்.

சத்தம் போடாதீர்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். மேடை ஏறுகிறாள். தண்ணீர் குடிக்கிறாள். காகிதத்தை அடுக்குகிறாள். மைக் உயரமாக இருக்கிறது, யாராவது இறக்கிக் கொடுங்களேன். ஆ, இறக்கிவிட்டாள். இப்போது. அழுத்திவிட்டேன்.

கேளுங்கள், குரலைக் கேளுங்கள். வீட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் தலைப்பா? அதை எப்படிப் பேசுகிறாள் பாருங்கள். வார்த்தையை விழுங்கவில்லை. அவசரமும் இல்லை. எதிரணி சொன்னதை முதலில் நியாயமாக எடுத்துச் சொல்லிவிட்டு அப்புறம் மறுக்கிறாள். சரியாக அரசி. நீங்கள் அவள் அம்மா பேசிக் கேட்டிருக்க வேண்டும்.

மணி. ஒன்று. இது மூன்றாவது நிமிஷத்துக்கா? என் கையில் இரண்டரைதான் ஆகிறது. மணியை முன்னாலேயே அடித்துவிட்டார்களா? இருக்கட்டும், இருக்கட்டும், கடைசி மணியில் சரி பண்ணிவிடுவார்கள்.

முடிவுக்கு வருகிறாள். மூன்று காரணம் சொல்கிறேன் என்றாள், ஒன்று சொல்லிவிட்டாள், இரண்டும் ஆயிற்று...

இரண்டு மணி.

அம்மா, இரண்டு மணி அடித்துவிட்டார்கள். பாருங்கள், முள்ளைப் பாருங்கள், நிறுத்திவிட்டேன். மூன்று நிமிடம் முப்பத்தொன்று. பெயரைக் கூப்பிட்டதுமே அழுத்திவிட்டார்கள். தண்ணீர் குடித்தது, மைக்கை இறக்கியது எல்லாவற்றையும் அவள் கணக்கில் போட்டுவிட்டார்கள்! இன்னும் ஒரு காரணம் பாக்கி இருக்கிறது. குழந்தை நிறுத்திவிட்டாளே. ஏன் நிறுத்துகிறாள்? இந்தக் காலத்துப் பிள்ளைகள் மணி அடித்தாலும் பேசுவார்களே, இவள் ஏன் நிறுத்துகிறாள்?

அரசி பாதி எழுந்தாள். உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லமாட்டாள். மகள் பேசுகிற இடத்தில் தாய் எழுந்து சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டாள். நடுவர்கள் தாளை எடுக்கிறார்கள்.

என்னையா போகச் சொல்கிறீர்கள்? சுலபமாகச் சொல்கிறீர்கள். போய் முன்னால் நின்று இருபத்தொன்பது வினாடி குறைகிறது என்றால், எந்தக் கடிகாரத்தில் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். இதைத்தான் காட்ட வேண்டும். இது சரியான கடிகாரம்தானா என்று கேட்பார்கள். அரசி கேட்டுக்கொண்டு இருப்பாள். இந்த எண் அவளுக்குத் தெரியும், அடுப்படியில் நின்று ஒரு வருஷம் பார்த்திருக்கிறாள். இது நன்றாக ஓடுகிற கடிகாரம், என்றைக்குமே நன்றாகத்தான் ஓடியது என்று அவள் முன்னால் நான் சொல்ல வேண்டும்.

கடிகாரத்தின் இந்தத் தலைக் குமிழை இன்னொரு தடவை அழுத்தினால் போதும் அம்மா, முள் பூஜ்யத்துக்குப் போய்விடும். அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது. இப்படியே பஸ் ஏறிவிடலாம்.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பேத்திக்கு என்று கொஞ்சம் கடலைமிட்டாய் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. விரல் குமிழில் பட்டுவிடக் கூடாது, இப்படி உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதவை உள்ளே தள்ள வேண்டுமா அம்மா, இழுக்க வேண்டுமா?